ஆடு மழையில் நிற்காது

ஜூன் 2, திங்கள்

காலை: இட்லி மூன்று, தேங்காய்ச் சட்னி. மதியம்: சோறு ஒரு கரண்டி, புளிக்குழம்பு, அவரைக்காய். இரவு: கோதுமை தோசை இரண்டு. இனிப்பு: இல்லை.

சாப்பிடுவதை எல்லாம் எழுதிக்கொண்டு வா என்று சர்க்கரை டாக்டர் சொல்லிவிட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இந்த வயதில் வீட்டுப்பாடம். என் வீட்டுக்காரர் எடை போடும் எலுமிச்சைக் கமிஷன் கடையில் ஒரு காலத்தில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. கிழமை ஒத்துவராது. அடித்துவிட்டு எழுதுகிறேன்.

கரண்டி எந்தக் கரண்டி என்று டாக்டர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 4, புதன்

அடுத்த வீட்டு ஆவுடை குடும்பம் ஓசூருக்குப் போகிறதாம். மகன் அங்கே வீடு வாங்கியிருக்கிறான். ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிக் குடியேற வேண்டும். அவர்கள் பங்கு வீட்டை எலுமிச்சை மூட்டை போடும் கிட்டங்கிக்கு வாடகைக்குப் பேசியாயிற்று.

அடுத்த வீடு என்றால் அந்நியம் இல்லை. ஆவுடையம்மாள் என் கொழுந்தன் குத்தாலிங்கத்தின் பெண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. ஒரே வீட்டைத்தான் அண்ணனும் தம்பியும் இரண்டாகப் பிரித்து நடுவில் சுவர் வைத்தார்கள். சுவர் வைத்த அன்று, "நல்லா ஒசத்திக் கட்டுங்க, அக்கா கிரைண்டர் சத்தத்துல ஒரு சீரியல் வசனம் கேக்க மாட்டேங்கு" என்று கொத்தனாரிடம் சொன்னாள். "ஆமா, ஒசத்துங்க. அவ சீரியல்ல அழுத அழுகையில எம் மாவு ரெண்டு மணி நேரம் முன்னாலயே புளிச்சுப்போவுது" என்று நானும் சொன்னேன். கொத்தனார் சிரித்தார். அவர் சிரித்ததுதான் தப்பு. அன்றைக்குப் பேச்சு நின்றது, நான்கு வருடம் ஆகிறது. அண்ணனும் தம்பியும் தினமும் பஜாரில் ஒன்றாகத்தான் டீ குடிக்கிறார்கள். பேசாதது நாங்கள் இரண்டு பேர்தான்.

போகட்டும். சத்தம் ஓயும். எனக்குச் சந்தோஷம்தான்.

இரவு: ஒன்றும் இறங்கவில்லை. மாத்திரையால் இருக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் பாலன் வந்திருந்தான். என் போனை வாங்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். நான் ஆடிக்கொண்டிருந்த மிட்டாய் உடைக்கிற விளையாட்டை அழித்துவிட்டான். அதில் உயிர் போனால் விளம்பரம் பார்க்க வேண்டும், பார்த்தால் உயிர் திரும்பி வரும். அப்படி ஒரு வசதி நிஜத்தில் இருந்தால் எங்கள் மாமனார் இன்னும் இருந்திருப்பார், விளம்பரம் என்றால் அவருக்கு உயிர். நடுநடுவே ஒருத்தன் வந்து கடன் வேணுமா என்பான், ஒருத்தி வந்து ரம்மி ஆட வா என்பாள். பஸ் ஸ்டாண்டுகூட இப்படி இருக்காது.

அதற்குப் பதிலாக ஒரு கிராமத்து விளையாட்டைப் போட்டுத் தந்தான். ஆற்றங்கரையில் குடிசை, வயல், ஆடு, மாடு. விளம்பரமே இல்லை.

"இதுக்கு முதலாளி யாருடா?"

"முதலாளி கெடையாதும்மா. நாடு நாடா ஆளுங்க ஓய்ஞ்ச நேரத்துல எழுதுதாங்க. எழுதுனத பூராவும் தெறந்தே வச்சிருக்காங்க. யாரும் எடுத்துக்கலாம், திருத்தலாம். தமிழ்ல மாத்துனதுகூட மலேசியாக்காரர் ஒருத்தர்தான்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

என் வீட்டுக்காரர் சங்கரபாண்டி, பட்டன் போன் தவிர எதையும் கையால் தொடாதவர், சாப்பாட்டுத் தட்டில் இருந்து தலை தூக்கினார். "சும்மா குடுக்க பழத்த வெட்டிப் பாரு, உள்ள அழுவியிருக்கும்."

"கோயில் கொடைக்கு ஊர் கூடிப் பொங்கி எல்லாருக்கும் போடுதோம்லா, அது அழுவலா?" என்றான் பாலன்.

"அதுலயும் உப்புக் கூடிப்போச்சுன்னு சொல்ல நாலு பேரு வருவான்."

வருவான். அதில் ஒருத்தி நானாக இருப்பேன்.

மதியம்: பாலன் வந்ததால் கறி. அளவாக.

ஜூன் 11, புதன்

இந்த விளையாட்டில் ஒரே நெட் பெட்டியில் இருக்கிறவர்கள் ஒரே ஆற்றங்கரையில் குடியிருக்கலாமாம். இன்று என் குடிசைக்குக் கீழே, ஆறு திரும்புகிற இடத்தில் யாரோ குடிசை போட்டிருக்கிறார்கள். பெயர் 'சாரல்'.

எங்கள் நெட் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு ஒன்றாக இருந்தபோது பிள்ளைகள் படிப்புக்காகப் போட்டது. பாகம் பிரிக்க வந்த பெரியவர்கள் அண்டா, குண்டா, அம்மி, ஆட்டுரல் எல்லாவற்றையும் பிரித்தார்கள். தென்னை மரத்துக்கு ஒரு வெட்டு அவர்களுக்கு, ஒரு வெட்டு எங்களுக்கு என்று எழுதினார்கள். சுவரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டு தொங்கிய பெட்டியை ஒருவரும் பார்க்கவில்லை. அது என் பக்கத்துத் தாழ்வாரச் சுவரில் நின்றுவிட்டது. சுவரை உயர்த்தினால் ஆள் எட்டிப் பார்க்க முடியாது, வைஃபைக்கு என்ன? அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றினால் கேட்க வருவாள், கேட்க வந்தால் பேச வேண்டும். அதனால் மாற்றவில்லை.

சாரல் யாரோ. நாட்டில் எத்தனையோ பேர்.

ஜூன் 14, சனி

ஆற்றில் அணை கட்டக் கற்றுக்கொண்டேன். நான் மேல்மடை. அடைத்தால் கீழே சாரலுக்குத் தண்ணீர் போகாது. சும்மா அடைத்துப் பார்த்தேன். அதில் எழுதிப் பேச வழியில்லை, படம்தான் அனுப்பலாம்: சிரிப்பு, கும்பிடு, முறைப்பு, மாடு, நெருப்பு. சாரல் முறைப்பு அனுப்பியது. நான் மாடு அனுப்பினேன். சாரல் நெருப்பு அனுப்பியது.

நல்ல பொழுது.

ஜூன் 17, செவ்வாய்

விளையாட்டில் மழை. ஆடுகள் எல்லாம் வெட்டவெளியில் நனைந்துகொண்டு நிற்கின்றன. பாலனுக்குப் போன் போட்டேன்.

"ஏல, உங்காளுங்களுக்கு ஆடுன்னா என்னன்னு தெரியுமா? வெள்ளாடு மழையில நிக்காதுல. ஒரு சொட்டு விழுந்தா அடுத்தவன் அடுப்படின்னாலும் உள்ள போயிரும்."

அவன் சிரித்துவிட்டு அதை இங்கிலீஷில் எழுதி, அந்த விளையாட்டு எழுதுகிறவர்கள் கூடுகிற இடத்தில் போட்டானாம். குறை சொல்வதற்கென்றே ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். என் சொந்த பந்தத்தில் இப்படி ஒரு இடம் இருந்தால் பாதிச் சண்டை குறையும்.

சாரலைப் பற்றி ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தால் சாரலின் மாடு நின்றுவிடுகிறது. ஏழரை மணி சீரியல் பாட்டுக் கேட்டால் வயலில் ஆளே இல்லை. சீரியல் பார்க்கிற ஆள் போல. குற்றாலச் சாரல் என்று பெயர் வைத்திருப்பதால் அந்தப் பக்கத்து ஆளாகவும் இருக்கலாம். ஆவுடைக்குப் பிறந்த வீடும் குற்றாலத்துக்குப் பக்கத்தில் இலஞ்சி. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஜூன் 21, சனி

நார்வே என்று ஒரு நாட்டில் இருந்து பதில். ஆட்டை எழுதியவர் செம்மறியை மனதில் வைத்து எழுதிவிட்டாராம். மன்னிப்புக் கேட்டுத் திருத்திவிட்டார். உதவி செய்தவர்கள் என்று கடைசியில் ஒரு பக்கம் இருக்கிறது. அதில் சண்முகக்கனி, புளியங்குடி என்று என் பெயர். வீட்டுக்காரரிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு, கழற்றி, போட்டுப் பார்த்தார்.

"ரேசன் கார்டுலயே ஒம் பேரத் தப்பாத்தான போட்டிருக்கான்" என்றார். அவ்வளவுதான் பாராட்டு. ஆனால் சாயங்காலம் கமிஷன் கடையில் இருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்து, "அதக் காட்டு" என்றார்.

இனிப்பு: ஒரே ஒரு லட்டு. பெயர் வந்ததற்கு.

ஜூன் 24, செவ்வாய்

திருத்தினார்கள் பாருங்கள், அதுதான் வினை. இப்போது மழை பெய்தால் எல்லா ஆடுகளும் பக்கத்தில் இருக்கிற பெரிய கொட்டகையைப் பார்த்து ஓடுகின்றன. ஆற்றங்கரையில் பெரிய கொட்டகை என்னுடையது. சாரலின் ஆடு அத்தனையும் பாலம் தாண்டி என் வீட்டுக்குள் வந்து நின்றுகொண்டன. மழை விட்டும் போகவில்லை. என் வைக்கோலைத் தின்கின்றன.

சாரல் முறைப்பு மேல் முறைப்பு. நான் கும்பிடு போட்டு, ஆடுகளைப் பாலத்துக்கு ஓட்டிவிட்டு, கூடவே ஒரு கட்டு வைக்கோலும் அனுப்பினேன். ஆட்டைத் திருடினோம் என்று பெயர் வரக்கூடாது அல்லவா.

வைக்கோல் பாலம் தாண்டிப் போனது. பிறகு ஒரு சிரிப்பு வந்தது.

அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கமும் யாரோ சிரித்தார்கள். டிவியாக இருக்கும். டிவி மூக்கால் சிரிக்காது என்றாலும்.

ஜூன் 30, திங்கள்

டாக்டரிடம் போனேன். சாப்பாட்டை மட்டும்தான் பார்ப்பார் என்று நினைத்துக் கொடுத்தேன். மனிதர் முழுவதையும் படித்தார். வெளியே அத்தனை பேர் காத்திருக்கிறார்கள், இவர் பக்கம் பக்கமாகத் திருப்புகிறார். நர்ஸம்மா தோளுக்கு மேலே எட்டிப் படிக்கிறது.

"அந்த லட்டு ஒண்ணுதானா?" என்றார்.

"ஒண்ணுதான், டாக்டர்."

"சரி. ஆத்தைத் தொறந்து விடுங்கம்மா. பிரஷர் கொறையும்."

இனி இவருக்குத் தனி நோட்டு.

ஜூலை 3, வியாழன்

சுவருக்கு அந்தப் பக்கம் டேப் ஒட்டுகிற சத்தம். அட்டைப்பெட்டிகள். வருகிற பத்தாம் தேதி சாயங்காலம் லாரி, மறுநாள் ஓசூரில் பால் காய்ச்சல் என்று வீட்டுக்காரர் சொன்னார். குத்தாலிங்கம் இவரிடம் சொல்லிக்கொண்டுவிட்டான். ஆம்பிளைகளுக்கு டீக்கடை போதும். பெண்கள் விஷயம் அப்படி இல்லை. ஊரை விட்டுப் போகிறவள் வந்து சொல்லிக்கொண்டு போக வேண்டும். இருக்கிறவள் குங்குமம், வெற்றிலை, பழம் கொடுத்து அனுப்ப வேண்டும்.

"நீதான் மூத்தவ. நீ கூப்பிட்டா என்ன?" என்றார்.

"போறவ அவ. அவ வரட்டும்."

"அவளும் அங்க இதத்தான சொல்லுதா. இளையவ எப்படி முந்திப் பேச, மூத்தவ கூப்பிடட்டும்னு."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டீக்கடையில பின்ன என்ன பேசுதோம்னு நெனச்ச?"

அணையைத் திறந்துவிட்டேன். டாக்டர் சொன்னதற்காக.

ஜூலை 6, ஞாயிறு

சாரலின் வயல் பச்சையாக இருக்கிறது. எனக்கு ஒரு ஆடு அனுப்பியது, ஓடிவந்தது இல்லை, கயிறு கட்டி அனுப்பியது. நான் இரண்டு கோழி அனுப்பினேன். பிறகு படம் எதுவும் வரவில்லை. நானும் அனுப்பவில்லை. அதில் இருக்கிற ஐந்து படத்தில் சொல்லக்கூடியதை எல்லாம் சொல்லியாகிவிட்டது.

பாலனைக் கேட்டேன், ஓசூரில் இருந்து இதே ஆற்றங்கரைக்கு வர முடியுமா என்று. சும்மா ஒரு தகவலுக்கு. "பெட்டி மாறிட்டா வர முடியாதும்மா" என்றான். பிறகு, "ஏம்மா, யாரு ஓசூர் போறா?" என்றான். குரலில் ஒரு குசும்பு. என் குசும்புதான். அவனிடம் இருந்து கேட்டால் நன்றாகவே இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

பஜாருக்குப் போனேன். பச்சைமிளகாய், உளுந்து, கொத்துமல்லி. குங்குமம் ஒரு டப்பா, வெற்றிலை, பாக்கு, ரஸ்தாளி ஒரு சீப்பு. இதெல்லாம் வீட்டில் இருந்தால் நல்லதுதானே.

அவள் வாசல் வழியாகத்தான் திரும்பி வந்தேன். அவள் உள்ளே அரிசி டிரம்மைக் காலி செய்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். நான் கொத்துமல்லியைப் பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மதியம்: பழம் ஒன்று. சீப்பில் ஒன்று குறைந்தால் தெரியாது.

ஜூலை 9, புதன்

நெட் பெட்டியில் தூசி இருந்தது. துடைக்க வேண்டியிருந்தது. மின்சாரப் பொருளை ஒயரைப் பிடுங்காமல் துடைக்கக்கூடாது என்று சின்ன வயதில் இருந்தே தெரியும். அதனால் பிடுங்கினேன்.

அந்த நேரம் பார்த்து சாரல் நெல் அறுத்துக்கொண்டிருந்தது. அறுப்பில் பாதியில் நெட் போனால் கதிர் எல்லாம் வயலிலேயே கிடந்து வீணாகிவிடும். அது எனக்கு அப்போது நினைவில் இல்லை.

ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். நல்ல வெயில். அந்தப் பக்கம் டேப் சத்தம் கேட்கவில்லை. நடக்கிற சத்தம். நின்றது. மறுபடி நடந்தது. எதையோ இழுத்துப் போட்டு ஏறுகிற சத்தம்.

"எக்கா."

சுவரில் இருந்து ஓரடி தள்ளி நின்றேன்.

"எக்கா, இருக்கியா? நெட்டு போயிட்டு."

"யாரது?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"ஆவுடை."

"எந்த ஆவுடை?"

"வெளையாடாதக்கா. வெளஞ்ச நெல்லு பூராவும் அறுப்புல கெடக்கு."

"இந்த அத்துவானத்துல ஒனக்கு ஏதுட்டி நெல்லு?"

அந்தப் பக்கம் ஸ்டூல் கிரீச்சிட்டது. பிறகு சுவருக்கு மேலே ஒரு கொண்டை, நெற்றி, இரண்டு கண். ஆளை அவ்வளவுதான் பார்க்க முடிந்தது. முடி நரைத்திருக்கிறது. எனக்குச் சொல்லவே இல்லை.

"ஆத்த அடைச்சது நீதான்னு எனக்கு மொத நாளே தெரியும்" என்றாள். "சிரிப்பு அனுப்புத எடத்துல மாடு அனுப்புத ஆளு இந்தப் புளியங்குடியில வேற யாரு இருக்கா?"

"தெரிஞ்சவ கேக்க வேண்டியதுதான."

"நீ மூத்தவ. நீ கூப்பிட்டா என்ன?"

"நீ போறவ."

"சரி, போறேன். மொதல்ல ஒயரச் சொருவு."

கையில் ஒயர் இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். அவள் எனக்கு முன்னாலேயே பார்த்திருக்கிறாள். சொருகினேன். பச்சை விளக்கு வருவதற்குள் நெல் போய்விட்டது.

"போச்சா?"

"போச்சு."

"நான் தாரேன். எங் குதிர்ல இருக்கு."

"ஒன் நெல்லு யாருக்கு வேணும்" என்றாள். சுவரைப் பிடித்திருந்த கையால் மூக்கைத் துடைத்தாள். "அங்க போனா எனக்குக் கிரைண்டர் சத்தமே இருக்காதுக்கா. மகன் சொல்லுதான், நல்ல அமைதியான எடமாம்."

முந்தானையால் பெட்டியை இன்னொரு தரம் துடைத்தேன்.

"நின்னது போதும், எறங்கு. ஸ்டூல் ஒடைஞ்சா ஓசூருக்குக் கட்டுப்போட்டுத்தான் போவணும்" என்றேன். "வாசல் வழியா வா. வெத்தல வாடுது."

வந்தாள். அதிரசம் கொண்டுவந்தாள். பேசினோம். என்ன பேசினோம் என்று எழுதினால் டைரி பற்றாது. சீரியல் நேரம் தாண்டியதை அவள் கவனிக்கவில்லை, மாவு பொங்கி வழிந்ததை நான் கவனிக்கவில்லை. விளையாட்டை அவளுக்குப் போட்டுக் கொடுத்தது பாலன்தான். "அம்மைட்ட சொல்லாத சித்தி" என்றானாம். அவனை வரச்சொல்லியிருக்கிறேன். முதுகில் நாலு போட வேண்டும்.

இனிப்பு: அதிரசம் ஒன்று.

ஜூலை 10, வியாழன்

அதிரசம் ஐந்து. டாக்டரிடம் பொய் சொல்லக்கூடாது.

லாரி போய்விட்டது.

ஜூலை 19, சனி

பாலன் வந்தான். அடி வாங்கினான். பிறகு அவனுடைய பழைய லேப்டாப்பைப் பையில் இருந்து எடுத்தான். பட்டனை அமுக்கினால் டீ போட்டுக் குடித்து டம்ளர் கழுவும் வரை திறக்காது, அந்த லேப்டாப். அதில் இருந்ததை வழித்து எறிந்துவிட்டு லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டான். இதுவும் ஊர் கூடிப் பொங்கினதுதானாம். கிழட்டு மாடு புல்லைக் கண்டதுபோல் எழுந்து நின்றது.

திரையில் ஒரு பறவைப் படம். "காக்காயா?" என்றார் வீட்டுக்காரர்.

"பென்குயின், அப்பா."

"பறக்குமா?"

"பறக்காது."

"அப்ப சும்மாதான் குடுப்பான்."

விளையாட்டு எழுதியவர்கள் எல்லாவற்றையும் திறந்து வைத்திருப்பதால், ஆற்றங்கரையை நாமே நம் வீட்டில் வைத்துக்கொள்ளலாமாம். எங்கே இருந்தாலும் உள்ளே வரலாம். முதலாளி இருந்தால் இதற்கு விடமாட்டான் என்றான் பாலன். லேப்டாப்பைக் கிரைண்டருக்குப் பக்கத்து அலமாரியில், மாவு தெறிக்காமல் ஒரு துண்டு போட்டு வைத்திருக்கிறோம். போன வாரம் வரை சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள் இனி அலமாரியில் இருக்கிறாள்.

புது ஆறு, புது இடம். யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் பிடித்த இடம் அவர்களுக்கு. போனில் ஓசூருக்கு வழி சொல்லிக் கொடுத்தான். நான் மாவு அள்ளிப் போட்டுவிட்டு வருகிறேன் என்று போனேன்.

ஜூலை 20, ஞாயிறு

காலை: இட்லி மூன்று.

என் வயலில் தண்ணீர் இல்லை. கால்வாய் வெட்டிப் பார்த்தேன், இல்லை. ஆற்றோடு மேலே நடந்து போனேன். மேல்மடையில் சாரல் என்று பெயர் போட்ட குடிசை, அதற்குக் கீழே கரைக்குக் கரை அணை. அணை மேல் ஒரு மாடு நிறுத்தி வைத்திருக்கிறாள்.

போன் போட்டேன். எடுத்தாள்.

"ஏட்டி, தண்ணிய விடு."

"என்னக்கா? கேக்கல. சீரியல் ஓடுது."

"காலங்காத்தால என்ன சீரியல்?"

"அதுவும் கேக்கல. எக்கா, போன வைக்காத. மாவு ஆட்டலையா? கிரைண்டரப் போடேன், கொஞ்ச நேரம்."

போட்டேன். போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு உளுந்தை அள்ளிப் போட்டேன். உளுந்து பொங்கி வந்த பிறகு ஆற்றைப் பார்த்தேன். அணையில் ஒரு ஓரம் திறந்திருந்தது. ஒரு ஓரம்தான். முழுவதும் திறப்பாளா, அவள்?